படத்தின் கீழே என் பெயர்

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, போனை எடுத்து என் பெயரை நானே தேடுவேன். நான் நடிகையும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஆனாலும் என் பெயர் கிடைக்கும். ஏதோ ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியின் பாடத்தாளில், கடல் தாண்டி இருக்கிற ஒரு தமிழ்ப் பள்ளியின் வலைப்பக்கத்தில், கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும். பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது. வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும்.

என் பெயர் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற ஒரு கணக்கு சார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு மாடியில் ஏழெட்டு ஆசிரியர்கள் கூடுவோம். வ. புதுப்பட்டியிலிருந்து வருகிறவர் தோட்டத்து வெண்டைக்காயைப் பையில் கட்டிக்கொண்டு வந்து எல்லாருக்கும் பங்கு போடுவார். வெளியூர் ஆசிரியர் யாராவது வந்தால் மட்டும் பால்கோவா உண்டு. எங்களுக்குள் வெறும் டீதான். உட்கார்ந்து பாடத்தாள் தயாரிப்போம். கடையில் விற்கிற கைடைப் பார்த்து விடையை மனப்பாடம் செய்கிற பிள்ளைகளுக்கு, கையால் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றுதான் ஆரம்பித்தோம். ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் அடித்துத் திருத்துவார்கள், முடிந்ததும் இணையத்தில் ஏற்றிவிடுவோம்.

அதற்கு ஒரு விதி வைத்திருந்தோம். ஒவ்வொரு தாளின் அடியிலும் அந்த விதி இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். செய்தவர் பெயரை மட்டும் மறக்காமல் போட வேண்டும். இப்படிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. முதல் நாளே எனக்கு அது இடித்தது. வேண்டாதவன் எடுத்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

கணக்கு சார் சிரித்தார். “பந்தியில இலை போட்டாச்சுன்னா யாரு வந்து உக்காந்தாலும் பரிமாறணும் டீச்சர். ஆளப் பாத்து எந்திரின்னு சொல்ல முடியாது.”

அது எனக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு நானே புதிதாக வருகிறவர்களிடம் அந்தப் பந்திக் கதையைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன்.

என் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது ஒரே ஒரு தாள்தான். ‘தண்ணீர் குடிக்கும் துணி’ என்பது அதன் தலைப்பு. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்கும். எட்டு வருஷத்துக்கு முன் ஏழாம் வகுப்பில், துணி எப்படித் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று காட்டுவதற்காக வீட்டிலிருந்து துண்டுத்துணி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு பெண்பிள்ளை இரண்டு விதமான துணி கொண்டுவந்தாள். அவள் அம்மா பேண்டேஜ் கம்பெனியில் மடிப்பு வேலை பார்க்கிறவர். ஒன்று தறியிலிருந்து அறுத்தபடியே இருந்த பழுப்புத் துணி. இன்னொன்று வெளுத்து வந்த வெள்ளைத் துணி. இரண்டையும் தண்ணீரில் போட்டால் பழுப்புத் துணி மேலேயே மிதந்தது. வெள்ளைத் துணி தொட்ட மாத்திரத்தில் குடித்துவிட்டு அடியில் போய் உட்கார்ந்தது. இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிற எனக்கு அது தெரியாது. பஞ்சின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இயற்கையாகவே இருக்கிறது, வெளுக்கும்போதுதான் அது போகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மறுநாளே அதைத் தாளாக்க வேண்டும் என்று எனக்குப் பரபரப்பு. ஒரு படமும் வேண்டும். வகுப்பில் வெளிச்சம் போதாததால் பெஞ்சை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னேன். அந்தப் பிள்ளைதான் முதல் ஆளாக ஓடிவந்து பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தாள். பெஞ்சைப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்து வந்தபோது அவள் சட்டைத் தோள் ஜன்னல் கொக்கியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் என் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அவள் தோளில் குத்திவிட்டேன். ஒரு நிமிஷத்தில் அதையெல்லாம் மறந்து, நீல மை கலந்த தண்ணீர் வெள்ளைத் துணியில் ஏறுவதைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள். வாய் பாதி திறந்திருந்தது, கண் அகன்றிருந்தது. அந்த நேரத்தில் எடுத்தேன். நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான்.

ஏற்றும்போது இணையதளம் ஒரு கேள்வி கேட்டது. இது உங்கள் சொந்தப் படைப்பா, உரிமை உங்களுடையதா என்று. ஆமாம் என்று கட்டத்தில் டிக் அடித்தேன். யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்றுதான் அப்போது தோன்றியது.

போன வருஷம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தார். கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. மகள் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தாள். நல்ல சேதி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, வாங்கம்மா உட்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. போனை நீட்டினார்.

வாட்ஸப்பில் வந்த ஒரு படம். ஏதோ ஓர் ஊரில் இருக்கிற அறக்கட்டளை நன்கொடை கேட்டு அனுப்பியது. ஒரு வாய்ச் சோற்றுக்கு ஏங்கும் கண்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதன் கீழே அந்தப் பிள்ளையின் முகம். கண்ணாடித் தம்ளர் இல்லை, நீலத் தண்ணீர் இல்லை, துணி இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முகத்தையும் கிழிந்த தோளையும் ஊக்கையும் மட்டும் வைத்திருந்தார்கள். ஆச்சரியத்தில் திறந்த வாய் பசியில் திறந்த வாயாகிவிட்டது. ஓரத்தில், பொடி எழுத்தில், படம் என்று போட்டு என் பெயர்.

“டீச்சர், இது நீங்க எடுத்ததா?”

ஆமாம் என்றேன்.

“எம் மக உங்ககிட்டப் படிச்சப்ப ஒருநாளாச்சும் பசிச்சுக் கெடந்தாளா?”

இல்லை என்றேன். கம்பெனியில் எல்லாருக்கும் அந்தப் படம் வந்துவிட்டதாம். சிலர் உச்சுக் கொட்டினார்களாம். ஒருத்தி, மகளைக் காட்டிக் காசு வாங்கித் தின்கிறாயா என்று சிரித்தபடி கேட்டாளாம். அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் என்றார். மேஸ்திரி ஒருவர் மறுநாள் பொட்டலச் சாப்பாடு கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்துவிட்டு, மகளுக்குக் கொடு என்று சொல்லிப் போனாராம். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தப்பு என் மேல் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். நான் யாருக்கும் விற்கவில்லை, அவர்களாக எடுத்துக்கொண்டார்கள், எங்கள் தாளுக்கு இப்படி ஒரு விதி இருக்கிறது என்று வகுப்பில் நடத்துகிற மாதிரி மளமளவென்று சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“நீங்க குடுக்காம உங்க பேரு எப்படி டீச்சர் இதுல வந்துச்சு?”

நான் டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்தினேன். சரி, எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது என்று எப்படிச் சொல்வது? பார்க்கிறேன் என்று இழுத்தேன். அவர் போனைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சட்டையத் தச்சு விட்டிருப்பேன்லா. பொறவு எம்புட்டு வேணும்னாலும் எடுத்திருக்கலாம்.”

அவர் போன பிறகு டிபன் பாக்ஸைத் திறக்க மனம் வரவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை கூட்டநாள் இல்லை. இருந்தாலும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கணக்கு சார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு விதியைத் திறந்து வரிவரியாகப் படித்தார். அவர்கள் விதியை மீறவில்லை என்றார். மாற்றலாம் என்றிருக்கிறது, வெட்டியிருக்கிறார்கள். பெயர் போட வேண்டும் என்றிருக்கிறது, போட்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பொடி எழுத்தைத் தேடித் தேடி எத்தனை சனிக்கிழமை பூரித்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

“இலையில நான் வச்சது எஞ் சோறு இல்ல சார்” என்றேன்.

அவர் மறுபடி படித்துவிட்டு ஒன்று சொன்னார். இந்த விதி படம் எடுத்தவரின் உரிமையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. படத்தில் இருக்கிறவரின் சம்மதம் வேறு, அதை நாம் கேட்கவே இல்லை, அதனால் அவர்களுக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார். எங்கள் குழுவின் பெயரில், மரியாதையாக, நீளமாக ஒரு கடிதம் எழுதினோம். நாலு நாளில் பதில் வந்தது. விதிப்படிதான் பயன்படுத்தியிருக்கிறோம், உங்கள் கல்விச் சேவைக்கு வாழ்த்துகள் என்று. வாழ்த்துகள் என்ற சொல்லைப் பார்த்ததும் போனை எறிந்துவிடலாம் போல இருந்தது. வீட்டுக்காரர்தான் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிள்ளையே வந்தாள். கல்லூரி பக்கத்தில்தான். நான் போனில் கூப்பிட்டுப் பேசியிருந்தேன், ஆனால் வருவாள் என்று நினைக்கவில்லை. மாடிப்படி ஏறி வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள். வளர்ந்துவிட்டாள். முகம் மட்டும் மாறவில்லை, அதனால்தான் கம்பெனியில் எல்லாருக்கும் உடனே அடையாளம் தெரிந்திருக்கிறது. முழுத் தாளையும் பார்க்க வேண்டும் என்றாள். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினோம். மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

“டீச்சர், வெளுக்காத துணி தண்ணி குடிக்காதுன்னு நான்லா சொன்னேன்.”

ஆமாம், நீதான் சொன்னாய் என்றேன்.

“எங்கம்மா எனக்குச் சொன்னது. அவிய பேரு இதுல இல்லையே.”

அவள் குறை சொல்லவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் எனக்கு முகம் எரிந்தது. அம்மாவின் அறிவு, மகளின் துணி, மகளின் முகம், அடியில் என் பெயர். அத்தனை வருஷமாக அது எனக்கு உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அந்தச் சொல்கூட வரவில்லை. டீ ஆறிப்போகிறது, குடி என்று அவளிடம் சொன்னேன்.

எங்களுக்கு வந்த பதிலைப் படித்தாள். நான் எழுதட்டுமா என்று கேட்டாள். மூன்றே வரி எழுதினாள். படத்தில் இருப்பது நான்தான், உயிரோடும் நலமாகவும் இருக்கிறேன், கல்லூரியில் படிக்கிறேன். என்னையோ என் அம்மாவையோ நீங்கள் கேட்கவில்லை. எடுத்துவிடுங்கள். எங்கள் குழுவின் பெயரில் ஒரு பக்கத்துக்கு எழுதியது செய்யாததை அந்த மூன்று வரி செய்தது. பத்து நாளுக்குள் அவர்கள் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் வாட்ஸப்பில் கைமாறிப் போனதை யார் எடுப்பது? அது இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அன்று அவள் கடிதம் போன கையோடு, எங்கள் தாளிலிருந்தும் படத்தை எடுத்துவிடலாம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் வேண்டாம் என்றாள். இங்கேயும் எடுத்துவிட்டால் வெட்டின படம் மட்டும்தான் வெளியே இருக்கும், தம்ளரும் தண்ணீரும் இருக்கிற முழுப்படம் எங்கேயுமே இருக்காது என்றாள். நாங்கள் யாரும் அப்படி யோசிக்கவில்லை.

“யாரு வேணும்னாலும் மாத்தலாம்னு போட்டிருக்குல்லா. அப்ப நானும் மாத்தலாம்லா?”

கணக்கு சார் லேப்டாப்பை அவள் மடிக்கே நகர்த்தினார். படத்துக்குக் கீழே அவள் எழுத ஆரம்பித்தாள். நடுவில் எழுந்துபோய் அம்மாவுக்குப் போன் போட்டாள். படியில் நின்று பேசியது எங்களுக்குக் கேட்டது. சட்டை கிழிந்ததை எழுதியிருக்கிறேன், போதுமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து இன்னொரு வரி சேர்த்தாள். முடித்ததும் வாசித்தாள்.

“இந்தப் படத்தில் இருப்பது நான். வெள்ளைத் துணியில் நீலத் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிறேன். அதை முதல் தடவை பார்ப்பதால் வாய் திறந்திருக்கிறது. சட்டை கிழிந்தது கொஞ்ச நேரத்துக்கு முன், பெஞ்சைத் தூக்கும்போது ஜன்னல் கொக்கியில் மாட்டி. ஊக்கு டீச்சருடையது. அன்று காலையில் நான் சாப்பிட்டது நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி.”

“இட்லி அம்மா சொன்னது” என்றாள். “எழுதியே ஆகணும்னாங்க.”

வ. புதுப்பட்டிக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அன்றே எங்களுக்குள் ஒரு முடிவு எடுத்தோம். இனிமேல் பிள்ளைகளின் கை மட்டும் படத்தில் வரட்டும். முகம் வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய், படம் எங்கெங்கே போகக்கூடும் என்று சொல்லி, கேட்டுவிட்டு எடுப்போம். அந்த இணையதளத்தின் டிக் கட்டம் மட்டும் நமக்குப் போதாது என்று கணக்கு சார் சொன்னார்.

தாளின் தலைப்புக்குக் கீழே அம்மாவின் பெயரையும் மகளின் பெயரையும் போட்டோம். போடுவதற்கு முன் அவர் சம்மதத்தை மகள் கேட்டுச் சொன்னாள். படத்தின் கீழே இருந்த என் பெயரை நானே அழித்தேன். அழிக்கும்போது மனசு லேசானது மாதிரி இருந்தது. பெரிய தியாகம் செய்கிற நினைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அச்செடுத்த தாளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டியார்பட்டிப் பக்கம் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து வாக்கியத்தை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அம்மா வாசலில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வாங்க டீச்சர் என்றார். கூப்பிட்ட குரலில் பழைய இதம் இல்லை, கோபமும் இல்லை. உள்ளே போனதும் சொன்னேன். உங்களைக் கேட்காமல் எடுத்தது தப்பு, கேட்காமல் கொடுத்தது அதைவிடத் தப்பு, உங்கள் பிள்ளை சொன்னதை என்னுடையது மாதிரி போட்டுக்கொண்டதும் தப்பு. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் வேறு. இது தானாக வந்தது.

சரி என்று மட்டும் சொன்னார். டீ போட்டுக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை தாளைத் தொடவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டி, தன் பெயரை ஒரு தடவை விரலால் தொட்டுப் படித்தார். இட்லி வரியில் தலையாட்டினார். அதற்கப்புறம் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, படத்தின் அடியில் எதையோ தேடினார்.

“உங்க பேரு எங்க டீச்சர்?”

எடுத்துவிட்டேன் என்றேன். எனக்கு அது வேண்டாம், எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று ஏதோ சொன்னேன். என்னை ஆறுதல்படுத்துவார் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“போடுங்க” என்றார். “எடுத்தது நீங்கதான? அந்தப் பேரு இருந்ததாலதான நான் நேரா உங்ககிட்ட வந்து கேட்டேன். இல்லன்னா யாருகிட்டப் போயிக் கேப்பேன்?”

தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் பெயரைத் திரும்பப் போட்டேன். அதே இடத்தில், அதே பொடி எழுத்தில்தான் போட்டேன். இப்போதும் எந்தத் தாளிலாவது அது கண்ணில் படுகிறது. நானாகத் தேடுவதில்லை. பார்க்கும்போதெல்லாம், இதைப் பிடித்துக்கொண்டு யாராவது ஓர் அம்மா வந்து என் முன்னால் நிற்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.